மனநலப் பிரிவில் இன்டர்ன்ஷிப்: கூட வேலை செய்பவர்களோடு பழகவும், ‘மெண்டல்’ என்ற சொல்லை எதிர்கொள்ளவும் ஒரு முழு வழிகாட்டி

ஏப்ரல் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். எல்லாம் எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கும் சேலத்துப் பிள்ளைகள். “அக்கா, இன்டர்ன்ஷிப் கிடைச்சிருச்சு” என்பார்கள். குரலில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும். அடுத்த வரியில் அது இறங்கிவிடும். “வீட்டுல எந்த டிபார்ட்மென்ட்னு இன்னும் சொல்லலைக்கா.”

கேஸ் ஹிஸ்டரி எப்படி எடுப்பது, எந்த டெஸ்ட் போடுவது என்று யாரும் முதலில் கேட்பதில்லை. அதையெல்லாம் சூப்பர்வைசர் சொல்லித்தருவார் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்பது இரண்டுதான். ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா போற?’ என்கிற சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது? யாரையும் தெரியாத இடத்தில் யாரோடு சேர்ந்து சாப்பிடுவது?

இரண்டையும் நான் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன். ஸ்டிக்மா என்று பாடத்தில் படிக்கிறோமே, அந்த இளக்காரமும் பயமும் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுவதில்லை. உள்ளே டோக்கன் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. நர்ஸ்கள் உட்காரும் மேசையில் இருக்கிறது. நாம் டிபன் பாக்ஸ் திறக்கும் அறையிலும் இருக்கிறது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ வந்து போகிற ஓர் இன்டர்னால் அதைக் கொஞ்சமாவது அசைக்க முடியும் என்றால், அங்கே இருப்பவர்களோடு மனசு விட்டுப் பழகித்தான் முடியும். போஸ்டர் ஒட்டியதால் மனம் மாறிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கூட உட்கார்ந்து டீ குடித்து மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் அம்மாபேட்டையில் தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவள். இந்த ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் செய்தேன். இப்போது இன்டர்ன்களுக்குச் சொல்லித்தருகிறேன். கீழே இருப்பது அந்த அனுபவத்தில் எழுதியது.

படி 1: சேர்வதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுங்கள்

மறைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றும். எனக்காக என் அம்மா மறைத்தார். தெருவில் யாராவது கேட்டால் “ஆஸ்பத்திரியில டிரெய்னிங்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்தப் பிரிவு என்று விடாமல் கேட்டால் “நரம்பு” என்பார். அவருக்கு என் கல்யாணத்தைப் பற்றிய பயம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் மறைக்கிற ஒன்றை, நோயாளியின் அம்மாவிடம் “இதுவும் சர்க்கரை, பிரஷர் மாதிரி ஒரு நோய்தாங்க” என்று சொல்லும்போது குரல் தடுமாறுகிறது. கேட்பவருக்கு அது தெரிந்துவிடும்.

வீட்டில் வகுப்பு எடுக்காதீர்கள். குடும்பத்திலேயே ஒருவரிலிருந்து தொடங்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் யாரோடும் பேசாமல் இருந்த சித்தி இருப்பார். குடியை விட முடியாத மாமா இருப்பார். பூட்டிய கதவை இருபது தடவை இழுத்துப் பார்க்கும் தாத்தா இருப்பார். “அன்னைக்குச் சித்தியை ஒருத்தர் சரியா கவனிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்? அந்த வேலையைக் கத்துக்கத்தான் போறேன்.” இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

எண்கள் கேட்கும் அப்பாக்களுக்கு ஒன்று சொல்லலாம். பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பத்துப் பேருக்கு ஒருவர். நம் தெருவில் எத்தனை வீடு என்று அப்பாவையே எண்ணச் சொல்லுங்கள். அந்த ஆய்விலேயே, பெரும்பாலான கோளாறுகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்கு வந்திருக்கவே இல்லை.

உறவினர்கள் கேட்கும் கேள்விகளில் மூன்று கட்டாயம் வரும். “ஒட்டிக்குமா?” ஒட்டாது. “அடிச்சிடுவாங்களா?” அங்கே வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் நம்மைவிட அதிகமாகப் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்கள். இருந்தாலும் தனியறையில் பேசும்போது கதவுப் பக்கம் உங்கள் நாற்காலி இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள், அதைக் கடைப்பிடியுங்கள். “கரண்ட் வெப்பாங்களாமே?” அவர்கள் கேட்பது ஈ.சி.டி. என்னும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையைப் பற்றி. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் தராமல் அந்தச் சிகிச்சையைச் செய்யவே கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துவிட்டது. கடுமையான மனச்சோர்வில் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை அது. சினிமாவில் காட்டுவதுபோல் இருக்காது.

படி 2: ஊர்ச் சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள்

பாடப்புத்தகத்தில் இருக்கும் பெயர்களை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். “நரம்புத் தளர்ச்சிங்க” என்பார்கள். அது பதற்றமாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், பாலியல் குறைபாடு என்று நினைத்துக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். “காத்து கருப்பு பட்டிருக்கு”, “செய்வினை வெச்சுட்டாங்க”, “மந்திரிச்சுப் பாத்தாச்சு” என்பார்கள். எந்த மாத்திரையாக இருந்தாலும் “தூக்க மாத்திரை” என்பார்கள். மன அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் வித்தியாசம் தெரியாமல் படித்தவர்களே பேசுகிறார்கள். முதலாவது எல்லோருக்கும் வந்து போவது, இரண்டாவது சிகிச்சை தேவைப்படும் நோய். மனச்சிதைவு என்றால் ஒரு உடம்பில் இரண்டு ஆள் இருப்பது என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. அது தவறு. இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது, பேச்சும் சிந்தனையும் கோவை இழப்பது ஆகியவைதான் அதில் முதலில் கண்ணில் படும்.

கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களை மட்டம் தட்டாதீர்கள். குணசீலத்தில் 48 நாள் தங்கவைத்து அழைத்து வந்த பெற்றோர் அந்த 48 நாளும் தூங்கியிருக்க மாட்டார்கள். அன்பால் செய்ததை அறியாமை என்று சொன்னால் அடுத்த வாரம் அவர்கள் வர மாட்டார்கள். அதே சமயம், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்ததை நாம் மறக்கவும் கூடாது. “சாமி கும்பிடுங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க” என்பதுதான் என் சூப்பர்வைசர் சொல்லித்தந்த வாக்கியம். இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

படி 3: வாசலிலிருந்து ஆரம்பியுங்கள்

முதல் நாள் எல்லோரும் டாக்டருக்கு வணக்கம் சொல்வார்கள். நீங்கள் செக்யூரிட்டி அண்ணனிடம் தொடங்குங்கள். அப்புறம் டோக்கன் கொடுப்பவர், மருந்து கொடுக்கும் அக்கா, ஸ்டாஃப் நர்ஸ், வார்டு ஆயா. பெயரைக் கேட்டு, வீட்டுக்குப் போனதும் நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டாம் நாள் பெயர் சொல்லி “சாப்பிட்டீங்களாங்க்கா?” என்று கேளுங்கள்.

ஓர் எல்லையை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களை யாராவது “டாக்டர்” என்றோ “சைக்காலஜிஸ்ட்” என்றோ அழைத்தால் உடனே திருத்துங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். நீங்கள் பயிற்சிக்கு வந்த மாணவர். இதை வெளிப்படையாகச் சொல்கிற இன்டர்னை நர்ஸ்களுக்குப் பிடிக்கும்.

வார்டு ஆயாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு யார் தூங்கவில்லை, யார் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்புகிறார், யாரைப் பார்க்க யாரும் வருவதில்லை என்று அவருக்குத் தெரிந்த அளவு கேஸ் ஷீட்டுக்குத் தெரியாது. ஆனால் பல இடங்களில் ஆயாக்கள் ஒரு மூலையில் சாப்பிடுவார்கள், இன்டர்ன்கள் வேறு அறையில் சாப்பிடுவார்கள், டம்ளர்கூட வேறு வேறாக இருக்கும். மனநோயாளியை ஒதுக்காதே என்று படிக்க வந்த நாம் இந்த ஒதுக்கலைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாமா? போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாள் அவர்கள்தான் கூச்சப்படுவார்கள். மூன்றாம் நாள் உங்கள் டப்பாவில் ஒரு கரண்டி குழம்பு விழும்.

படி 4: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

“ஒரு மாசம் ஆச்சுக்கா, ஒரு ஃபிரெண்டுகூட இல்லை” என்று அழுத ஒரு பெண்ணுக்கு நான் போட்டுக்காட்டிய கணக்கு இது. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராக சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லும் அளவுக்கு வர 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அதில் வந்தது. சேர்ந்து வேலை செய்யும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை. சும்மா பேசிக்கொண்டிருக்கும் நேரம்தான் சேர்கிறது.

இப்போது உங்கள் நாளைப் பாருங்கள். காலை ஓ.பி. முழுக்க நோயாளிகள். டீக்கு கால் மணி நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மாதம் 25 நாள் என்றாலும் 19 மணி நேரத்தைத் தாண்டாது. ஒரு மாதத்தில் உயிர்த் தோழி கிடைக்காதது உங்கள் குணத்தில் உள்ள குறை இல்லை. நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நேரத்தைக் கூட்டுங்கள். ஒரே பஸ்ஸில் போகிறவர் யார் என்று பார்த்து அவரோடு போங்கள். சாயங்காலம் நேராக வீட்டுக்கு ஓடாமல், வாரத்தில் ஒரு நாள் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிடப் போங்கள். பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்து, இரண்டு சட்னியையும் தடவி வண்டிக்காரர் ஒவ்வொன்றாக அடுக்கித் தருவதற்குள் அரை மணி நேரம் பேசிவிடலாம். சேலத்தில் நான் சம்பாதித்த நட்பு பாதிக்கு மேல் அந்த வண்டியைச் சுற்றி நின்று சம்பாதித்தது.

உட்காரும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டபடி, கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்கு மேல்மாடியில் அதிக நண்பர்கள் இருந்தார்கள். தினம் கண்ணில் பட்டார்கள், பழக்கமானார்கள். நீங்களும் ரெக்கார்ட் எழுத நூலகத்தைத் தேடிப் போகாமல், ஆட்கள் நடக்கும் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் டீக்கடையில் நின்றால் இந்த ஊரில் வீடு வரைக்கும் சேதி போய்விடும். அது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் நட்பே முறிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு பேராகப் போங்கள், கூட வேலை செய்பவர்களின் பெயர்களை வீட்டில் சாதாரணமாகச் சொல்லிப் பழகுங்கள்.

படி 5: நோயாளியின் கதையைக் கொடுத்து நட்பை வாங்காதீர்கள்

இன்டர்ன்களின் சாப்பாட்டு நேரத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் பேச்சு நோயாளிகளைப் பற்றியதுதான். “இன்னைக்கு ஒரு கேஸ் வந்துச்சு பாரு...” என்று ஆரம்பித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரையும் தெரியாத இடத்தில் அந்தக் கவனம் இனிப்பாக இருக்கும். நானும் அதைச் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக ஆக்கியிருக்கிறது. பெயர் சொல்லாவிட்டால் சரி என்று நினைக்காதீர்கள். சேலம் பெரிய ஊர்போல் தெரிந்தாலும் தொழில் வட்டங்கள் சின்னவை. “குகையில தறி வெச்சிருக்கார், ரெண்டு பொண்ணு, மூத்தவளுக்குப் போன மாசம் கல்யாணம் நின்னுபோச்சு” என்றால் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு ஆளே தெரிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் ஒருவரையொருவர் மூன்று தலைமுறையாகத் தெரிந்தவர்கள்.

நான் இன்டர்ன்களுக்கு வைக்கும் விதி இதுதான். ஊர், தெரு, தொழில், சாதி, குடும்பத்தில் நடந்த சம்பவம், இந்த ஐந்தும் சூப்பர்வைசர் அறைக்கு வெளியே வாயில் வரக் கூடாது. பஸ்ஸில் எதுவுமே வேண்டாம். கேஸ் ஷீட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் சந்தேகம் கேட்பது கண்டிப்பாகக் கூடாது.

அப்படியென்றால் மனதில் இருப்பதை எங்கே கொட்டுவது? உங்களைப் பற்றிப் பேசுங்கள். “இன்னைக்கு ஒருத்தர் அழுதப்போ எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை, தொண்டை அடைச்சிருச்சு.” இதில் நோயாளி இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள். எதிரில் இருப்பவரும் “எனக்கும்தான்” என்பார். நட்பு அந்த இடத்தில் பிடிக்கும்.

படி 6: ‘மெண்டல்’ என்று ஒருவர் சொல்லும்போது

இந்தப் படிக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

என் இரண்டாம் வாரத்தில், டோக்கன் கொடுக்கும் அண்ணன் வரிசையைப் பார்த்துச் சத்தமாக, “அந்த மெண்டலை முதல்ல உள்ள அனுப்புங்க, இங்க நின்னா தொல்லை” என்றார். நான் எல்லோர் முன்னாலும் அவரைத் திருத்தினேன். “அண்ணா, அப்படிச் சொல்லக் கூடாது, அவங்க நோயாளி” என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். சொன்னது சரி. ஆனால் அவர் முகம் சுருங்கிவிட்டது. படித்த பெண் ஒருத்தி வந்து பத்து வருஷமாக வேலை செய்கிறவரை ஐம்பது பேருக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. அந்தச் சொல்லையும் விடவில்லை, நான் இல்லாதபோது சொன்னார்.

ஒரு நர்ஸ் அக்கா என்னைக் கூப்பிட்டு, “அவரைத் தனியாப் பாத்துப் பேசு கண்ணு” என்றார். கூட்டம் வடிந்த பிறகு போய், “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது என் தப்புண்ணா” என்றேன். அதற்குப் பிறகு சொல்லைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வரிசையில் இருப்பவரைக் காட்டி “அவர் பேர் என்னண்ணா?” என்று மட்டும் கேட்டேன். சீட்டைப் பார்த்துச் சொல்வார். நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். மூன்று வாரத்தில் அவரே பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

பெயர் ஒரு தொடக்கம்தான். அவர் மனதுக்குள் இருந்ததை அசைத்தது வேறொன்று. மனச்சிதைவுக்குச் சிகிச்சை எடுத்துத் தேறி, கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருவார். பளிச்சென்று சட்டை போட்டு வந்து, அமைதியாக வாங்கிக்கொண்டு போய்விடுவார். டோக்கன் அண்ணன் அவரை யாரோ ஒரு நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் என்றே நினைத்திருக்கிறார். ஒருநாள் அவரே பேச்சுவாக்கில், தனக்குத்தான் ஏழு வருஷமாக மாத்திரை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் என்னிடம் வந்து, “நல்லாத்தானே இருக்காரு!” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இது ஏன் நடக்கிறது என்று 1984-இல் ஆய்வாளர்களான கோஹன் தம்பதியர் விளக்கியிருக்கிறார்கள். மருத்துவமனையில் இருப்பவர்கள் கண்ணில் படுவது, நோய் விடாமல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள்தான். தேறியவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், எப்போதாவது வருகிறார்கள். அதனால் மருத்துவமனைக்காரர்களுக்கே ‘இது எங்கே குணமாகப் போகிறது’ என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வெளியாட்களைவிட உள்ளே இருப்பவர்கள் சில சமயம் அதிகம் இளக்காரமாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தேறிய முகங்களைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பு இல்லை.

அந்த வாய்ப்பை உண்டாக்குங்கள். பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் இருவரும் சமமாக நின்று பழக வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே சொன்னார். பெரியவர்களைப் பொறுத்தவரை, தகவல் சொல்வதைவிட, நோயைத் தாண்டி வந்த ஒருவரை நேரில் சந்திப்பது அதிகம் வேலை செய்கிறது என்று பேட்ரிக் காரிகன் குழு 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. தேறியவர் ஒருவர் வந்தால், தானே விரும்பிப் பேசுகிறவராக இருந்தால், ஆயாவோ செக்யூரிட்டியோ அவரோடு சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசும்படி இடம் விடுங்கள். அவருடைய நோயை நீங்கள் அறிமுகம் செய்யாதீர்கள். அதைச் சொல்வதும் சொல்லாததும் அவருடைய உரிமை.

இன்னொன்று. “ரோபோ மாதிரி நடக்குறான் பாரு” என்று நடித்துக்காட்டிச் சிரிப்பார்கள். அந்த விறைப்பும், கை நடுக்கமும், வாயில் எச்சில் வழிவதும் பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவு. மருத்துவர் அளவை மாற்றினால், வேறு மாத்திரை தந்தால் குறையும். “அக்கா, அது மாத்திரையாலதான், டாக்டர்கிட்ட சொன்னா சரி பண்ணலாம், சொல்லலாமா?” என்று கேளுங்கள். சிரித்தவரே போய்ச் சொல்லுவார். நானே பார்த்தேன்.

சில நேரம் பொறுமை கூடாது. நோயாளியை அடித்தாலோ, சாப்பாட்டை நிறுத்திவைத்தாலோ, பெண் நோயாளியிடம் தகாத முறையில் நடந்தாலோ அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். நட்பு கெடுமே என்று யோசிக்காதீர்கள்.

படி 7: உங்கள் பையிலும் மாத்திரை இருந்தால்

எனக்கு இருந்தது. இளங்கலை படிக்கும்போது மனச்சோர்வு வந்து, எஸிட்டலோபிராம் என்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். இன்டர்ன்ஷிப்பில் அதை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மனநலப் பிரிவிலேயே, மனநல மாத்திரையை ஒளித்துச் சாப்பிட்டேன். அது எவ்வளவு பாரம் என்று சொல்லி முடியாது.

முதலில் கூட இருந்த ஓர் இன்டர்னிடம் சொன்னேன், பழகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மறுநாள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “நீ நோயாளிகளைப் பாக்கலாமா?” என்று எனக்கு மேல் பொறுப்பில் இருந்த ஒருவர் கேட்டார். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது முறை அந்த நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். அவர் “சாப்பிட்டு முடிச்சதும் போட மறந்துடாத” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இரண்டிலும் கற்றதை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லியே தீர வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. சொல்வதாக இருந்தால், அந்த ஆள் மற்றவர்களின் ரகசியத்தை எப்படி நடத்துகிறார் என்று முதலில் கவனியுங்கள். உங்களிடம் இன்னொருவர் கதையைக் கொண்டுவருகிறவர் உங்கள் கதையை இன்னொருவரிடம் கொண்டுபோவார். கொஞ்சமாகச் சொல்லுங்கள், நோயின் பெயர், மாத்திரையின் பெயர் எல்லாம் முதல் நாளே தேவையில்லை. என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். “அட்வைஸ் வேண்டாம், உங்களுக்குத் தெரிஞ்சா போதும், வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க.” உடல்நிலை வேலையைப் பாதிக்கும் அளவுக்குப் போனால் மட்டும் சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டும். நோயாளியிடம் சொல்லி ஆறுதல் தேடாதீர்கள்.

இன்டர்ன்ஷிப் தொடங்கும்போது “இப்போ நல்லாத்தானே இருக்கேன்” என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். நோயும் திரும்பி வரலாம். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உங்களிடம் ஒருவர் சொன்னால்? கேளுங்கள். அவருக்கு நீங்கள் சிகிச்சை செய்ய ஆரம்பிக்காதீர்கள், நீங்கள் அவருக்கு நண்பர். யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றால் டெலிமானஸ் எண் 14416-ஐக் கொடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை அது, எந்நேரமும் தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று அவர் கோடி காட்டினால், “சாகணும்னு நினைப்பு வருதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் உடனே அழைத்துப் போங்கள். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று கொடுத்த வாக்கு இந்த ஒரு இடத்தில் செல்லாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்தால், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள்.

படி 8: மலைக்கு முகாம் போனால் தவறவிடாதீர்கள்

ஏற்காடு பக்கம் மருத்துவ முகாம் என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் வண்டி ஏறத் தொடங்கியதும் 20 கொண்டை ஊசி வளைவு. ஒருவருக்கு வாந்தி வரும், இன்னொருவர் எலுமிச்சம்பழம் நீட்டுவார், பின்சீட்டில் யாராவது பாடுவார்கள். கீழே ஒரு மாதம் பேசாதவர்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் பேசிவிடுவார்கள்.

மேலே வேறொரு பாடம் கிடைக்கும். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற ஓர் அம்மா தன் மகனுக்கு மாத்திரை நின்றுபோனதைச் சொன்னார். எங்களில் ஒருவர் “விழிப்புணர்வு இல்லை” என்று நோட்டில் எழுதினார். கூட வந்த நர்ஸ் அக்கா அதை அடிக்கச் சொன்னார். சேலத்துக்கு இறங்கி ஏற ஒரு நாள் கூலி போகிறது, கூட வருகிறவருக்கும் கூலி போகிறது, பஸ் காசு வேறு. மாத்திரை ஏன் நின்றது என்று எங்களுக்கு அப்போது புரிந்தது. இழிவு, அறியாமை என்ற சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒட்டாதீர்கள். முதலில் அவர்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேளுங்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா வரும், அந்த நாட்களில் முகாம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள் என்பதையும் உள்ளூர்க்காரர்கள்தான் சொல்வார்கள்.

படி 9: கடைசி வாரம்

நோயாளிகளிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், “அடுத்த வாரத்தோட எனக்கு முடியுதுங்க, அப்புறம் இன்னொருத்தர் பாப்பாங்க” என்று. சொல்லாமல் காணாமல் போவது, ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்டவர்களுக்கு இன்னொரு காயம். போன் நம்பர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், மருத்துவமனை எண்ணைக் கொடுங்கள்.

கூட வேலை செய்தவர்களின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி, ஆயா, மருந்து அக்கா எல்லோருடையதும். போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் செய்யுங்கள், பொங்கலுக்கு ஒன்று. என் இன்டர்ன்ஷிப் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு டோக்கன் அண்ணன் கூப்பிட்டார். அவருடைய அக்கா பையன் பத்து நாளாகத் தூங்கவில்லையாம், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்கிறானாம், வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்கிறார்களாம். “இத்தனை வருஷம் டோக்கன் கொடுத்தேன் சாமி, எங்க வீட்டுக்குன்னு வரும்போது கை ஓடலை” என்றார். பையனின் பெயரைக் கேட்டேன். சொன்னார். காலையில் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடச் சொல்லி, நானும் போய் வாசலில் நின்றேன்.